செவிமடுத்தலைக் கலையாக்கிய கார்ல் ரோஜர்ஸ்

திருவள்ளுவப் பெருந்தகை ‘கேள்வி’ என்னும் பெயரால் தனியோர் அதிகாரம் வகுத்தார். கற்றறிந்தோர் வாய்மொழியைச் செவிமடுத்து அறிவு பெறுதலின் சிறப்பை அவ்வதிகாரம் விளக்குகிறது. கேட்டலில் இன்னொரு வகையும் உண்டு. அது துயருற்றோர் வாய்மொழியைச் செவிமடுத்தல். முன்னதில் கேட்பவர் பயன் பெறுகிறார். பின்னதில் சொல்பவர் பயன் பெறுகிறார். இவ்விரண்டாம் வகைக் கேள்வியை ஓர் அறிவுத்துறையாக வளர்த்து, அதனை முறையாகப் பயிற்றுவிக்கவும் இயலும் என்று காட்டியவர்களுள் தலையாயவர் அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் ஆவார்.

உள்ளத்துயர் உடையோர்க்குத் துணைநிற்கும் பணியை இன்று தமிழில் ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறோம். பத்துப்பாட்டினுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை நூல்கள் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். வறுமையில் உழன்று, வழிநடந்து, வள்ளலைக் கண்டு மீண்ட கலைஞன், எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படையின் அமைப்பு. தான் நடந்தறியாத வழியைப் பிறர்க்குக் காட்டுதல் அங்கு வழக்கன்று. உளச்சிகிச்சையாளராக விழைவோர் பெறவேண்டிய பயிற்சியின் உட்பொருளும் இதுவே. ரோஜர்ஸின் வாழ்க்கை இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குகிறது.

பிறப்பும் இளமையும்

கார்ல் ரான்சம் ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள், சிகாகோ நகரையடுத்த ஓக் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர்க்கு மக்கள் அறுவர். அவர்களுள் இவர் நான்காமவர். தந்தையார் பொறியாளர், செல்வ வளம் மிக்கவர். குடும்பமோ சமயப்பற்றும் கட்டுப்பாடும் நிறைந்தது. மது, சீட்டாட்டம், நடனம், நாடகம் ஆகியவற்றுக்கு அவ்வீட்டில் இடமில்லை. உழைப்பே அறம் என்று பெற்றோர் கருதினர். அன்பு இருந்தது, ஆயினும் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளை வெளிப்படையாகப் பேசும் வழக்கம் இல்லை. பிள்ளைப் பருவத்தில் ரோஜர்ஸ் நோஞ்சானாகவும், தனிமை விரும்பியாகவும், நூல்களில் மூழ்கியவராகவும் இருந்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, குடும்பம் சிகாகோவுக்கு மேற்கே ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. நகரத்தின் கவர்ச்சிகள் பிள்ளைகளை அணுகலாகாது என்பது பெற்றோரின் எண்ணம். அப்பண்ணையில் இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளைப் பிடித்து வளர்த்து, அவற்றின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்குவதில் சிறுவன் ஈடுபட்டான். அறிவியல் முறை வேளாண்மை நூல்களையும் ஆர்வத்துடன் கற்றான். புழுவைக் கூட்டிலிருந்து அவசரப்பட்டு வெளியே இழுக்க இயலாது. ஏற்ற சூழல் அமைந்தால் அது தானே வளர்ந்து சிறகு விரிக்கும். பிற்காலத்தில் மனிதரைப் பற்றி அவர் கொண்ட கருத்தும் இதனோடு நெருங்கிய உறவுடையது எனலாம்.

சமயப் பணியிலிருந்து உளவியலுக்கு

1919ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயிலச் சேர்ந்த ரோஜர்ஸ், கிறித்தவ மதகுருவாக விரும்பி, வரலாற்றுப் பாடத்துக்கு மாறினார். 1922இல் பீக்கிங் நகரில் நடைபெற்ற உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டுக்குச் செல்ல அமெரிக்காவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருள் அவரும் ஒருவர். ஆறு திங்களுக்கும் மேலாக நீடித்தது அப்பயணம். பல நாட்டவரோடும் பழகிய அவருடைய எண்ணங்கள் விரிந்தன. தம் மனமாற்றங்களை ஒளிக்காமல் பெற்றோர்க்கு மடல்களாக எழுதினார். கப்பல் வழியே மடல் சென்று, மறுப்பு எழுதப்பட்டு, அது திரும்பி வந்து சேர்வதற்குள் அவர் தம் புதிய எண்ணங்களில் உறுதிப்பட்டுவிட்டார்.

1924இல் பட்டம் பெற்று, இளமைத் தோழி ஹெலன் எலியட் அம்மையாரை மணந்து, நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். பழமை பேணும் பிரின்ஸ்டன் கல்லூரிக்குச் செல்வதாயின் செலவை ஏற்பதாகத் தந்தையார் கூறியும், அதனை ஏற்காமல் தம் வழியே சென்றார். அக்கல்லூரியில் மாணவர் சிலர் ஆசிரியரின் பாடம் இன்றித் தாங்களே ஒரு கருத்தரங்கு நடத்த இசைவு வேண்டினர், இசைவும் கிடைத்தது. தம் உள்ளத்தில் எழுந்த ஐயங்களையே பாடமாகக் கொண்டு அவர்கள் விவாதித்தனர். அதன் முடிவில் பலரும் மதகுருப் பணி தமக்கு ஏற்றதன்று எனத் தெளிந்தனர். ரோஜர்ஸும் அவர்களுள் ஒருவர். குறிப்பிட்டதொரு கோட்பாட்டை என்றும் மாறாமல் நம்பியாக வேண்டிய தொழிலில் தாம் இருக்க இயலாது என்று கருதி, அருகிலிருந்த கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் உளவியல் பயிலச் சென்றார்.

இறைநம்பிக்கையை வாழ்வின் அச்சாணியாகக் கொண்ட நாம் இம்முடிவில் அவரோடு உடன்பட வேண்டுவதில்லை. எனினும், நெஞ்சில் இல்லாததை நாவால் சொல்லி ஊதியம் பெற அவர் மறுத்தார் என்பதை மதித்தல் வேண்டும். அகமும் புறமும் ஒத்திருத்தல் என்னும் அவருடைய பிற்காலக் கொள்கை இங்கேயே வேர்விட்டது.

ரோச்செஸ்டரில் பெற்ற பாடங்கள்

1928ஆம் ஆண்டு ரோச்செஸ்டர் நகரில், குழந்தைகளுக்குக் கொடுமை இழைக்கப்படுவதைத் தடுக்கும் சங்கத்தின் குழந்தை ஆய்வுப் பிரிவில் ரோஜர்ஸ் பணியேற்றார். நீதிமன்றங்களும் நலநிலையங்களும் அனுப்பிய ஆயிரக்கணக்கான சிறாரை அங்கு பன்னிரண்டு ஆண்டுகளாகக் கண்டார். முனைவர் பட்டம் பெற்றது 1931இல். ஆயினும் அவருக்கு உண்மையான பள்ளியாக அமைந்தது அந்நிலையமே. அங்கு நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள் அவரை உருவாக்கின.

முதலாவது, தீ வைக்கும் பழக்கமுடைய ஒரு சிறுவனைப் பற்றியது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த கொள்கையின்படி அச்சிறுவனின் ஆழ்மனக் காரணத்தை அகழ்ந்தெடுத்து ரோஜர்ஸ் விளக்கினார். நோய் தீர்ந்தது என எண்ணியிருக்க, விடுதலை பெற்ற சிறுவன் மீண்டும் தீ வைத்தான். பெரியோர் எழுதிய நூலும் பிழைபடலாம் என்பதை இளம் உளவியலார் உணர்ந்தார்.

இரண்டாவது, அச்சாகி வெளிவந்த ஓர் உரையாடலைப் பற்றியது. சிகிச்சையாளர் ஒருவர் ஒரு தாயிடம் நிகழ்த்திய நேர்காணல் அது. முதலில் படித்தபோது, இதுவன்றோ திறமை என ரோஜர்ஸ் வியந்தார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் படித்தபோது, வழக்கறிஞர் ஒருவர் குறுக்கு விசாரணை செய்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது போன்றே அது தோன்றியது. உரையாடல் மாறவில்லை, படித்தவர் மாறியிருந்தார்.

மூன்றாவது நிகழ்ச்சி இவை எல்லாவற்றினும் முதன்மையானது. அடங்காத மகனைக் குறித்து ஒரு தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தார். தாய் தன் மகனை உள்ளூர வெறுத்து ஒதுக்குவதே சிக்கலுக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் கண்டறிந்து, அதனை அவருக்கு மென்மையாக உணர்த்தப் பலவாறு முயன்றார். பயனில்லை. இருவரும் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகுலுக்கிப் பிரிந்தனர். வாயில்வரை சென்ற தாய் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கு ஆலோசனை உண்டா என வினவினார். உண்டு என்றதும், முன்னிருந்த இருக்கையிலேயே அமர்ந்து, தம் இல்லறத்தின் துயரங்களையெல்லாம் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் அளித்து வந்த ஒழுங்கான குடும்ப வரலாற்றுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. என்ன செய்வதென்று அறியாத ரோஜர்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேட்டலால் தாயின் வாழ்வும் சீர்ப்பட்டது, மகனும் திருந்தினான்.

எங்கே வலிக்கிறது, எந்தத் திசையில் செல்லவேண்டும், எந்த அனுபவம் ஆழப் புதைந்துள்ளது என்பவற்றை அறிந்தவர் துயருற்றவரே என்னும் தெளிவு இதனால் பிறந்தது. தம் அறிவின் பெருமையைக் காட்டும் விருப்பத்தைச் சிகிச்சையாளர் விட்டுவிட்டால், வந்தவரே தம் வழியைக் கண்டடைவார் என்று அவர் நம்பத் தொடங்கினார்.

ஒலித்தட்டில் ஓர் ஆசிரியர்

1940ஆம் ஆண்டு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் ரோஜர்ஸைப் பேராசிரியராக அழைத்தது. அக்காலத்தில் அமெரிக்க உளவியலாரின் முதன்மைப் பணி தேர்வுகள் வைத்து மதிப்பிடுவதே. சிகிச்சை என்பது பெரிதும் மருத்துவர்களின் கையில் இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நிகழ்கிறது என்பதை மாணவர் அறிய வழியில்லை; சிகிச்சையாளரின் நினைவுக்குறிப்பே சான்றாக இருந்தது.

ரோஜர்ஸ் அக்கதவைத் திறந்தார். வந்தவரின் இசைவு பெற்று உரையாடல்களை ஒலித்தட்டுகளில் பதிவு செய்தார். காந்த ஒலிநாடா பரவாத காலம் அது. ஒரு தட்டின் பக்கம் சில நிமிடங்களிலேயே நிறைந்துவிடும். அடுத்த தட்டு ஆயத்தமாக இருக்கவேண்டும். இவ்வளவு தொல்லைக்கிடையே பதிந்து எழுதப்பட்ட ஒரு முழுச் சிகிச்சையின் உரையாடல், 1942இல் வெளியான அவருடைய ‘ஆலோசனையும் உளச்சிகிச்சையும்’ என்னும் நூலில், புனைபெயரால் வந்தவரின் அடையாளம் மறைக்கப்பட்டு, சொல்லுக்குச் சொல் இடம்பெற்றது. ஒரு முழுச் சிகிச்சை அவ்வாறு அச்சேறியது அதுவே முதன்முறையாகும். ‘நோயாளி’ என்னும் சொல்லை விலக்கி, வழக்கறிஞரை நாடுவோரைக் குறிக்கும் ‘கிளையண்ட்’ என்னும் சொல்லை அவர் நிலைநிறுத்தினார். உதவி நாடுவதால் ஒருவர் தம் உரிமையையும் பொறுப்பையும் இழந்துவிடுவதில்லை என்பது அச்சொல்லின் உட்கிடை.

பயிற்சி பெறும் மாணவர்க்கு இவ்வொலித்தட்டுகள் கண்ணாடியாயின. தாம் பொறுமையுடன் கேட்டதாக எண்ணியிருந்தோர், வந்தவரின் பேச்சை எத்தனை இடங்களில் இடைமறித்தோம், எத்தனை இடங்களில் நம் கருத்தைத் திணித்தோம் என்பதைத் தம் காதாலேயே கேட்டனர். ஆசிரியர் சொல்லித் திருத்தவேண்டிய தேவை குறைந்தது.

1945இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை மையம் ஒன்றை நிறுவினார். மருத்துவர் அல்லாதோர் மருத்துவம் செய்கின்றனர் எனக் கூறி அதனை மூடிவிட முயற்சியும் நடந்தது. அதனை எதிர்த்து நின்று வென்றார். 1951இல் வெளிவந்த தம் நூலில் பயிற்சிக்கெனத் தனி இயல் ஒன்றை அமைத்தார். பதிவுகளைக் கேட்டல், ஒருவர் துயருற்றவராகவும் மற்றவர் ஆற்றுப்படுத்துநராகவும் நடித்துப் பழகுதல், மேற்பார்வையின்கீழ் விரைவிலேயே நேரடிப் பணியில் இறங்குதல், தாமும் ஒரு சிகிச்சையாளரை நாடித் தம் உள்ளத்தை ஆராய்தல் என அவர் வகுத்த படிகள் பலவாகும். உத்திகளுக்கு முன் மனப்பாங்கு வேண்டும் என்பதே அவ்வியலின் அடித்தளம்.

ஆசிரியர் மாணவரானார்

புகழ் வளர்ந்தது. 1946இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராகவும் ரோஜர்ஸ் விளங்கினார். இந்நிலையில்தான் அவர் வாழ்வில் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது.

கடுமையான உளநோய்க்கு ஆட்பட்டிருந்த ஒரு பெண்மணிக்கு அவர் நெடுநாள் துணைநின்றார். எப்படியும் உதவியே தீரவேண்டும் என்னும் பிடிவாதத்தில், தம் எல்லையை மறந்தார். அப்பெண்மணியின் துயரம் எது, தம் துயரம் எது எனப் பிரித்தறிய இயலாத நிலை வந்தது. 1949ஆம் ஆண்டையொட்டி, தாமே நிலைகுலைந்துவிடுவோம் என்னும் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. அப்பெண்மணியை ஓர் இளம் மனநல மருத்துவரின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு, அந்த மணிநேரத்திலேயே துணைவியாருடன் ஊரைவிட்டு வெளியேறினார். இரண்டு மூன்று திங்கள் கழித்தே திரும்பினார்.

திரும்பிய பின்னும் தாம் பயனற்றவர், அன்புக்குத் தகுதியற்றவர் என்னும் எண்ணம் அவரைவிட்டு அகலவில்லை. அப்போது அவருடைய மையத்தில் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய ஒருவர், தாம் அவருக்குத் துணைநிற்க முன்வந்தார். ஆசிரியர் அதனை ஏற்றார். உலகறிந்த பேராசிரியர், தம்மிடம் பயின்ற முறையைக் கையாளும் ஓர் இளையவர்முன் அமர்ந்து, தம் நெஞ்சைத் திறந்தார். பிறரிடம் அன்பைத் தயக்கமின்றிப் பெறவும் தரவும் அதன்பின்னரே இயன்றது என்பதைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக எழுதினார்.

ஆற்றுப்படை இலக்கியத்தின் அமைப்பை இங்கு நினைவுகூர்தல் தகும். அவரும் அவ்வழியே நடந்து மீண்டார். மூத்தவர் இளையவரிடம் உதவி பெறுதல் இழுக்கு என அவர் எண்ணியிருப்பின், அவருடைய பணி அன்றே முடிந்திருக்கக்கூடும்.

மூன்று பண்புகள்

1957இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், உள்ளம் மாற்றமுறத் தேவையான ஆறு நிபந்தனைகளை ரோஜர்ஸ் வரையறுத்தார். அவற்றுள் சிகிச்சையாளரிடம் இருக்கவேண்டியன மூன்று. முதலாவது, உள்ளும் புறமும் ஒத்திருக்கும் வாய்மை. இரண்டாவது, வந்தவரை எவ்வித நிபந்தனையும் இன்றி மதித்தல். மூன்றாவது, அவர் நிலையில் நின்று அவர் உலகைக் காணும் ஒத்துணர்வு. ஆயினும், அவ்வாறு காணும்போது தம் நிலையை இழந்துவிடலாகாது என்பதையும் சேர்த்தே சொன்னார். அவ்வெல்லை எத்துணை இன்றியமையாதது என்பதைத் தம் சோர்வின் வழியே அறிந்தவர் அல்லவா!

இக்கொள்கைக்கு மறுப்புகளும் எழுந்தன. அதே ஆண்டில் யூத மெய்யியலார் மார்ட்டின் பூபர், ரோஜர்ஸுடன் மேடையில் உரையாடியபோது, உதவுவோரும் உதவி பெறுவோரும் முழுச் சமநிலையில் நிற்க இயலாது என்று வாதிட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியேற்று, மனச்சிதைவு நோயால் மருத்துவமனையில் இருந்தோரிடம் ரோஜர்ஸ் மேற்கொண்ட பேராய்வும் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. சிகிச்சை பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஒத்துணர்வு மிகுதியாகக் கிட்டியோரிடம் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆய்வுக் குழுவிலும் பிணக்குகள் மூண்டன. கேட்டலின் தலைமை ஆசிரியர் தம் குழுவினரிடையே இணக்கம் காண இயலாமல் இடர்ப்பட்டார் என்பதை அவர் வரலாற்றை எழுதுவோர் மறைத்தல் தகாது.

1961இல் வெளிவந்த ‘மனிதராக மலர்தல் குறித்து’ என்னும் பொருள்படும் நூல் அவரைப் பொதுமக்களிடமும் கொண்டுசேர்த்தது. ஆபிரகாம் மாஸ்லோ முதலியோருடன் சேர்ந்து ‘மனிதநேய உளவியல்’ என்னும் இயக்கம் வளரத் துணைநின்றார். 1965இல் வெளியான ஒரு பயிற்சித் திரைப்படத்தில், ஒரே பெண்மணியுடன் ரோஜர்ஸ், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் ஆகிய மூவரும் தனித்தனியே உரையாடினர். வெவ்வேறு பள்ளியினரின் முறைகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கும் வாய்ப்பு மாணவர் உலகுக்கு அதனால் கிட்டியது.

இறுதிக் காலத்தில் அவருடைய செவி நாடுகளின் பக்கம் திரும்பியது. வட அயர்லாந்தின் கத்தோலிக்கரையும் புராட்டஸ்டண்டுகளையும், 1982இல் தென்னாப்பிரிக்காவின் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே வட்டத்தில் அமர்த்திப் பேசவைத்தார். 1986இல் சோவியத் ஒன்றியத்துக்கும் சென்று பயிற்சி அளித்தார். 1987ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள், கலிபோர்னியாவின் லா ஹோயா நகரில், தம் எண்பத்தைந்தாம் வயதில் இயற்கை எய்தினார்.

இன்றைய பயிற்சியில் அவர் சுவடு

பிரிட்டன் முதலிய நாடுகளில் மனிதநேய ஒருங்கிணைந்த உளச்சிகிச்சையாளராக விழைவோர், பொதுவாகப் பட்டப்படிப்புக்குப் பின் நான்காண்டு அளவில் பயிற்சி பெறுகின்றனர். ‘ஒருங்கிணைந்த’ என்னும் அடைமொழி, ஒரு பள்ளியின் கொள்கையோடு நில்லாமல், ரோஜர்ஸின் ஒத்துணர்வு, பெர்ல்ஸின் கெஸ்டால்ட் முறை, எரிக் பெர்னின் உறவாடல் பகுப்பாய்வு, ஃபிராய்டின் வழிவந்த ஆழ்மன ஆய்வு போன்றவற்றைத் தக்கவாறு இணைத்துக் கற்பதைக் குறிக்கும். வந்தவருக்கு எது பொருந்தும் என்பதே அங்கு அளவுகோல்; ஆசானின் பெயரன்று.

அப்பயிற்சியில் மூன்று கூறுகள் இன்றியமையாதன. பயில்வோர் தாமே தொடர்ந்து சிகிச்சைக்கு உட்படுதல். மேற்பார்வையாளரின் துணையுடன் மக்களிடம் பணியாற்றுதல். சக மாணவரின் குழுவில் அமர்ந்து தம் பழக்கங்களைப் பிறர் வாயிலாக அறிதல். தகுதி பெற்ற பின்னரும் மேற்பார்வை நின்றுவிடுவதில்லை. முன்னோர் கொள்கையை முழுமையாக ஏற்காத பள்ளியினர்கூட இவ்வொழுங்கை ஏற்றுக்கொண்டிருப்பது கருதத்தக்கது.

நிறைவாக

உள்ளத்தின் பிணிகளை ஆராய்தல் நம் மரபுக்கும் புதியதன்று. 934இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தோடு உள்ளநலத்தையும் இணைத்து அரபியில் நூல் யாத்தவர். உள்ளத் துயருக்குப் பிறர் கூறும் ஆறுதல் மொழி வெளியிலிருந்து வரும் மருந்து என்றும், ஒருவர் தமக்குள் வளர்த்துக்கொள்ளும் நல்லெண்ணம் உள்ளிருந்து வரும் மருந்து என்றும் அவர் பகுத்துரைத்தார். ஆயிரமாண்டுக்குப் பின் வேறொரு நாட்டில், வேறொரு வழியில் வந்த ரோஜர்ஸ், உள்ளிருந்து வரும் மருந்து சுரப்பதற்கு வெளியிலிருப்பவர் எவ்வாறு துணைநிற்க வேண்டும் என்பதை ஆராய்ந்தார்.

நம் இல்லங்களில் பேசப்படாத துயரங்கள் பலவுண்டு. தேர்வில் தோற்ற மாணவனும், மணவாழ்வில் நொந்த மகளும், வெளிநாட்டில் பிள்ளைகளை விட்டுத் தனித்திருக்கும் முதியோரும் ஊர் என்ன சொல்லுமோ என அஞ்சி வாய்மூடியிருக்கின்றனர். பேசத் துணிந்தாலும் அவர்களுக்குப் பெரும்பாலும் கிட்டுவது அறிவுரை. சில வேளைகளில் இடித்துரை. கடும் மனநோய்க்கு மனநல மருத்துவரும் மருந்தும் தேவை என்பதில் ஐயமில்லை. அம்மருத்துவரிடம் செல்லும் துணிவைக்கூட, முதலில் தம் சொல்லுக்குச் செவிகொடுத்த ஒருவரிடமிருந்தே பலரும் பெறுகின்றனர்.

இன்று இக்கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியருள் சிலர் உளவியலைத் தொழிலாகக் கொள்ளலாம். பலர் ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஜமாஅத்தின் பொறுப்பாளராகவும் விளங்கலாம். எந்நிலையில் இருப்பினும், ஒருவர் நம்மை நம்பிச் சொல்லும் துயரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும். அதனைத் தெருவில் சிந்தாமல் காத்தலும், தீர்ப்புக் கூற விரையாமல் கேட்டலும், நமக்கே துயர் வந்துழி வெட்காமல் துணை நாடுதலும் நாம் பழகவேண்டிய பண்புகள். அப்பழக்கம் ஒரு நாளில் வாய்ப்பதன்று. ரோஜர்ஸுக்கே அது வாழ்நாள் பயிற்சியாக இருந்தது.